ஹுஸ்னியாவுக்கு ஒரு சோகேஸ்

சீவலில் ஈரம் இருந்தது.

முனீப் சீவுளியை நிறுத்திவிட்டு, பலகையிலிருந்து சுருண்டு விழுந்த சீவல் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தான். நசுக்கிய இடத்தில் தண்ணீர் கசிந்தது. வெளியே கச்சான் காற்று கிண்ணியாவின் மணலை அள்ளி அள்ளிப் பட்டறைத் தகரத்தில் எறிந்துகொண்டிருந்தது. கொடியில் போட்ட சேலை போட்ட கையோடு காய்ந்துபோகிற காலம். பலகையோ பட்டறைக் கூரைக்குக் கீழே, ஒரு துளி மழையும் படாமல், வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்த சவண்டலை மரம். அதற்குள் ஈரம் இருக்க ஒரு நியாயமும் இல்லை. சீவலை நாக்கில் வைத்துப் பார்த்தான். எதற்காக அப்படிச் செய்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. உப்புக் கரித்தது.

கை வியர்வையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி சீவத் தொடங்கினான். தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொள்வதில் முனீப் கெட்டிக்காரன். இத்தனை காலமும் அந்தக் கெட்டித்தனத்தில்தான் அவனுடைய வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சோகேஸ் செய்வது மனைவி ஹுஸ்னியாவுக்கு. நிக்காஹ் முடிந்து அவனுடைய வீட்டுக்கு வந்தபோது அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு கடதாசிப் பெட்டியும் இருந்தது. உள்ளே அவளுடைய உம்மா விட்டுப்போன பீங்கான் கோப்பைகள், ஒவ்வொன்றும் பழைய பத்திரிகையில் சுற்றியபடி. அவற்றை வைத்திருந்த அலுமாரியைக் கறையான் தின்றுவிட்டது. "கோப்பையெல்லாம் இருட்டுக்குள்ள கிடக்கிது. வெளிய எடுத்து வெச்சா ஒரு வூடு மாதிரி இரிக்கும்," என்று ஒருநாள் சொன்னாள். ஒரே ஒரு நாள்தான் சொன்னாள். தன் கையால் அவளுக்கு எதுவுமே செய்து கொடுக்கவில்லை என்பது முனீபுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் பாதிப் பேருக்கு வள்ளம் திருத்திக் கொடுத்த கை அது.

செய்யலாம். பட்டறையில் பலகைக்கா பஞ்சம்? தேக்கு இருந்தது, வேம்பு இருந்தது. ஆனால் அவன் ஏணி வைத்து ஏறி, கூரைக்குக் கீழே சாக்குப் போட்டு மூடியிருந்த அந்தச் சவண்டலையைத்தான் இறக்கினான்.

அந்தப் பலகையின் கதை முனீபைத் தவிர யாருக்கும் தெரியாது. ஹுஸ்னியாவின் முதல் புருசன் றிப்தி கடற்றொழில் செய்தவன். ஊரெல்லாம் பைபர் படகுக்கு மாறிய பிறகும் வாப்பாவின் மரவள்ளத்தை விடமாட்டேன் என்று நின்றவன். அந்த வள்ளத்தைத் திருத்தியது முனீப். வள்ள வேலையில் உயிரான வேலை கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள மூட்டில் பஞ்சைத் திணித்து, உளி வைத்து இறுக அடித்து, மேலே குங்கிலியத்தை உருக்கிப் பூச வேண்டும். அன்று முன்பக்கத்து மூட்டில் ஒரு முழம் மிச்சமிருக்கும்போது பஞ்சு தீர்ந்துபோனது. நோன்புக்குத் தலைப்பிறை பார்க்கிற மாலை, கடைகளெல்லாம் பூட்டு. றிப்தி வேறு விடிய முன்னர் கடலுக்குப் போக வேண்டும் என்று வாசலில் வந்து நின்றான். முனீப் அந்த ஒரு முழத்துக்குப் பஞ்சுக்குப் பதிலாக மரத்தூள் குழைத்த மக்கைத் தடவி, மேலே பச்சைப் பெயின்ற் அடித்துவிட்டான். திரும்பி வந்த பிறகு சரியாகச் செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தான்.

"முடிஞ்சா காக்கா?" றிப்தி அவனை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"ஓம், முடிஞ்சு. கொண்டு போங்க."

"நீங்க கை வெச்சா கடல் உள்ளுக்கு வராது," என்று சிரித்துவிட்டுப் போனான் றிப்தி. அன்று கடல் கொந்தளிக்கவும் இல்லை. ஆள் வரவில்லை. வள்ளம் வரவில்லை. மய்யித்தும் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் சல்லி என்ற கடற்கரை ஊருக்கு வேலைக்குப் போன இடத்தில் முனீப் அந்தப் பலகையைக் கண்டான். கருவாடு காயப் போட்டிருந்த பந்தலில் ஒரு தட்டாகக் கிடந்தது. பச்சைப் பெயின்ற். ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பஞ்சுத் தும்பே இல்லாத வெறும் விளிம்பு. "வலைக்குள்ள மாட்டினது. நல்ல பலகை, வேணுமெண்டா கொண்டு போங்கோ," என்றார் பந்தல்காரர். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். நேரே ஹுஸ்னியாவிடம் கொண்டுபோயிருந்தால் அவள் அழுது, புருசனை இழந்தவளாக இத்தா இருந்து, ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். ஆனால் வள்ளம் தெரிந்த எவனும் அந்த விளிம்பைப் பார்த்தால் போதும், யாருடைய வேலை என்று சொல்லிவிடுவான். அதனால் பலகை கூரைக்குக் கீழே போனது. ஹுஸ்னியா வருடக்கணக்கில் துறையடிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சொந்தக்காரர்கள் காதியாரிடம் போய்த் திருமணத்தை முறித்து, நல்ல மனிசன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று மனைவியை இழந்திருந்த முனீபுக்கே அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். றிப்தி இருக்கும்போதே அவளைப் பார்த்து ஏதாவது நினைத்திருந்தானா என்று முனீப் இரண்டொரு தடவை தன்னையே கேட்டிருக்கிறான். பதில் வருவதற்குள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவான்.

பலகை அவளுடையது. அவளிடமே போய்ச் சேரட்டும். ஒரு வார்த்தையும் சொல்லாமல் அழகான ஒரு பொருளாகப் போய்ச் சேர்ந்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று அவன் மனம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது.

சோகேஸுக்குப் பின்பலகையாக அதை வைத்தான். இரண்டாக அறுத்து, விளிம்புகளைச் சேர்த்துப் பசை போட்டு இறுக்கினான். மறுநாள் வந்து பார்த்தால் மூட்டு விட்டிருந்தது. பசை போடாதது போல வெறும் பிளவு. விளிம்பை நன்றாகச் சீவிவிட்டு மறுபடி சேர்த்தான். மறுநாளும் விட்டிருந்தது. சீவிய விளிம்பில், எல்லாம் சுரண்டிப் போக்கிய பிறகும், பச்சைக் கோடு ஒன்று மெல்லிதாகத் தெரிந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்து கால் வைக்கும்போதெல்லாம் பட்டறைக்குள் ஒரு வாடை நின்றது: வள்ளத்தின் அடியில் நாட்கணக்காகத் தேங்கிய தண்ணீரின் வாடை, மீன் செதிலும் மண்ணெண்ணெயும் அழுகிய கயிறும் கலந்த வாடை. மரத்தூள் வாசம் தெரிந்த மூக்கு அவனுடையது. இந்த வாசமும் அதற்குத் தெரியும். கடைசியில் மூட்டின் மேல் ஒரு மெல்லிய சட்டத்தை அடித்து மறைத்தான். மறைப்பது அவனுக்குப் புதிதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, ஹாலில், யன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஆணி முறுக்கிப் பொருத்தினான். கண்ணாடிக் கதவு, மூன்று தட்டு, மேலே மரத்திலேயே செதுக்கிய ஒரு பூக்கொடி. ஹுஸ்னியா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. அவளை அவ்வளவு சந்தோசமாக அவன் கண்டதேயில்லை.

"எனக்கா?"

"வேற ஆருக்கு."

அன்றே கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கினாள். எல்லாம் அடுக்கிய பிறகு உள்ளறைக்குப் போய் இன்னொரு கோப்பையைக் கொண்டுவந்தாள். நீலக் கரை போட்ட, விளிம்பில் கொஞ்சம் உடைந்த கோப்பை. யாரும் அதில் தேத்தண்ணி குடித்து அவன் பார்த்ததில்லை. அதை நடுத்தட்டின் நடுவில் வைத்தாள். யாருடையது என்று கேட்காமலே அவனுக்குத் தெரிந்தது. பிறகு அவள் உள்ளங்கையால் பின்பலகையைத் தடவினாள். தடவிக்கொண்டே போன கை, சட்டம் அடித்த இடத்துக்கு வந்ததும் நின்றது. விரலை எடுத்து மூக்கருகே பிடித்தாள்.

"இது எங்க எடுத்த பலகை?"

"சீனன்குடாப் பக்கம் ஒரு மரவாடில."

"ஒரு வாசம் வருது."

"வாணிஸ் வாசம் புள்ள."

"வாணிஸ் இல்ல," என்றாள் மெதுவாக.

அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் அழுவாள், திட்டுவாள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவாள். போய்விடுவாள் என்ற நினைப்பு வந்ததுமே வாயை மூடிக்கொண்டான். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான்.

முதலில் நிறைந்தது நீலக் கரைக் கோப்பை. தெளிந்த தண்ணீர், விளிம்புவரை, ஒரு துளி சிந்தாமல். ஹுஸ்னியாதான் எதற்கோ ஊற்றி வைத்திருக்கிறாள் என்று நினைத்து யன்னலால் ஊற்றினான். மாலையில் மறுபடி நிறைந்திருந்தது. அதற்கடுத்த நாள் பக்கத்துக் கோப்பையும். கடல் ஏறுகிற நேரம் கோப்பைகள் ஏறின. கடல் வற்றுகிற நேரம் வற்றி, அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. துறையடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த நேரங்களை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஹுஸ்னியா பார்க்குமுன்னர் துணியால் துடைத்து வைப்பதே அவனுக்கு ஒரு வேலையாகிவிட்டது.

பிறகு தட்டும் சத்தம். பகலில், பாங்கு சொல்லி முடிந்து ஊர் அடங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், பின்பலகைக்குள்ளிருந்து கேட்டது. கதவைத் தட்டுவது போல இல்லை. கவிழ்ந்த வள்ளத்துக்குள் அகப்பட்டவன் அடிப்பலகையை விரல் முட்டியால் தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படி. மந்தமாக. விட்டு விட்டு. களைத்துப்போன தட்டு. முனீப் வெளியே ஓடிப்போய்ச் சுவரின் மறுபக்கம் பார்த்தான். வெயிலில் ஒரு பூனை படுத்திருந்தது.

ஹுஸ்னியா பயப்படவில்லை. அதுதான் அவனை அதிகமாகப் பயப்படுத்தியது. அவன் வேலை முடிந்து வருகிறபோது அவள் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கன்னத்தைப் பலகையோடு ஒட்டி நிற்பாள். காலடி கேட்டதும் விலகுவாள். விலகிய கன்னத்தில் ஈரம் மினுங்கும். அழுதிருக்கிறாளா, பலகை நனைத்ததா என்று அவனுக்குப் புரியாது. கேட்கவும் துணிவில்லை. சாப்பாடு போடும்போது அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். கோபமான பார்வையில்லை. ஒருவன் ஒன்றைச் சொல்லப் போகிறான் என்று பொறுமையாகக் காத்திருக்கிறவளின் பார்வை அது.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் சித்தி பரீதா வேலியோரம் அவனை மறித்தாள்.

"ஆரு தம்பி உங்கட வூட்ட வந்திரிக்கிற?"

"ஒருத்தரும் வரல்லியே."

"பகல்ல ஆம்புளக் குரல் கேட்டிச்சே. ஹுஸ்னியாவும் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சிட்டிரிந்தா. நான் உங்கட தம்பியாக்கும் எண்டு நினச்ச." சித்தி பரீதா கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தடிமன் புடிச்ச குரல். தொண்டைக்குள்ள தண்ணி நிக்கிற மாதிரி."

தோப்பூரில் ஒரு மவுத்து வீட்டுக்கு ஹுஸ்னியா போன பகலில் அவன் ஸ்குறூ முறுக்கியை எடுத்தான். கழற்றி, கோடாலியால் பிளந்து, பட்டறைக்குப் பின்னால் வைத்து எரித்துவிட வேண்டும். கோப்பைகளை இறக்கினான். ஆணிகளைக் கழற்றினான். எல்லா ஆணியும் சுலபமாகக் கழன்று வந்தன, துருவேறி, வருடக்கணக்காகக் கடலில் கிடந்தவை போல. சோகேஸ் சுவரைவிட்டு வரவில்லை. ஒரு ஆணியும் இல்லாமல் சுவரில் நின்றது. இரண்டு கையாலும் இழுத்தான். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான். மூட்டை மறைத்த சட்டம் மட்டும் படக்கென்று பெயர்ந்து கையோடு வந்தது.

பிளவு தெரிந்தது. ஒரு முழ நீளம்.

அதற்குப் பின்னால் சுவர்தான் இருக்க வேண்டும். சுண்ணாம்பு பூசிய சுவர். ஆனால் பிளவுக்குள் இருட்டு இருந்தது. ஆழமான இருட்டு. குளிர்ந்த காற்று அதற்குள்ளிருந்து வந்தது. பிறகு அதற்குள் போனது. மறுபடி வந்தது. போனது.

முனீப் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினான். சின்ன வயதிலிருந்து ஓதி வருவது. பாதியில் மறந்தது. முதலிலிருந்து தொடங்கினான். அதே இடத்தில் மறந்தது.

விரலை ஏன் உள்ளே விட்டான்? மூட்டின் ஆழத்தை விரல் விட்டுப் பார்ப்பது தொழிற்பழக்கம். கை தானாகப் போனது. ஒரு கணு. இரண்டு கணு. பஞ்சு இல்லை. சுவர் இல்லை. தண்ணீர். அசைகிற தண்ணீர்.

தண்ணீருக்குள் ஏதோ அவனுடைய விரல் நுனியைத் தொட்டது. மெதுமெதுவென்று. ஊறிப்போய். தொட்டுப் பார்த்தது. யாருடைய விரல் என்று தடவிப் பார்த்தது.

அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்தான். விரல் வெளுத்து, ஒரு கிழமை கடலில் ஊறியது போலச் சுருங்கியிருந்தது. ஹுஸ்னியா திரும்பி வரும்வரை அவன் அங்கேயே கிடந்தான். அவள் தரையில் கிடந்த ஆணிகளைப் பார்த்தாள். பெயர்ந்த சட்டத்தைப் பார்த்தாள். அவனுடைய விரலைப் பார்த்தாள். குனிந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி தட்டுகளில் அடுக்கத் தொடங்கினாள்.

"அதக் கழட்ட வேணாம்," என்றாள். "இன்னும் கதைச்சு முடியல்ல."

"ஆரு?"

அவள் குசினிக்குப் போனாள்.

மாரி பிறந்தது. வாடைக்காற்று மழையைக் குடாவிலிருந்து ஊருக்குள் தள்ளியது. அன்று மஃரிபுக்கு முன்னரே இருட்டிக் கரண்டும் போய்விட்டது. துறைமுகப் பக்கம் கப்பல்களின் வெளிச்சம் கூடத் தெரியவில்லை. பள்ளியில் தொழுதுவிட்டு நனைந்துகொண்டு வந்தான் முனீப். இன்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். உண்மையாகவே நினைத்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொற்களைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான். சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இந்த வீட்டில் இருக்க முடியாது. சொல்லிவிடுவதே மேல்.

ஹாலில் அரிக்கேன் லாம்பு எரிந்தது. சோகேஸின் கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது. ஹுஸ்னியா தரையில் பாய் விரித்து, நடுவில் பெரிய சஹனில் சோறும் மீன்கறியும் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெருநாளுக்கும் கந்தூரிக்கும் ஆட்கள் கூடிச் சாப்பிடுகிறபோது எடுக்கிற சஹன் அது. இரண்டு பேர் சாப்பிட அவ்வளவு பெரிய தட்டு எதற்கு என்று கேட்க நினைத்தான்.

"இரிங்க. சோறு ஆறப்போகுது."

உட்கார்ந்தான். அவளுக்கும் அவனுக்கும் இடையே பாயில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடம் நனைந்திருந்தது.

கூரை ஒழுகுது, என்று நினைத்தான்.

மேலே பார்த்தான். கூரை ஒழுகவில்லை.

"பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்க."

சஹனில் சாப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீளக்கூடாது. அவன் தன் பக்கத்தில் சோற்றைப் பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. ஹுஸ்னியா தன் பக்கத்தில் அமைதியாகச் சாப்பிட்டாள். இடையில் ஒரு மீன் துண்டை எடுத்து முள் நீக்கி, மூன்றாவது பக்கத்தில் வைத்தாள்.

"ஒண்டு கேக்கவா?" என்றாள்.

"கேளுங்க புள்ள."

"முன்பக்கத்து மூட்டுக்குப் பஞ்சு போட்டீங்களா?"

மழைச் சத்தம் ஒரு கணம் நின்றது போலிருந்தது. மூட்டு என்றோ பஞ்சு என்றோ அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு யாரும் சொல்லியிருக்க வழியில்லை. லாம்பு வெளிச்சத்தில் அவளுடைய கண்கள் அவனையே பார்த்தன. இப்போதும் அதில் கோபம் இல்லை. சொல்லுங்க என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. இந்த ஒரு தடவை, இந்த ஒரு பதில், அதற்காகத்தான் அவள் இத்தனை நாளும் காத்திருக்கிறாள் என்று முனீபுக்குத் தெரிந்தது. வழியெல்லாம் அடுக்கி வைத்த சொற்களைத் தேடினான்.

"போட்டனான்," என்றான்.

மூன்றாவது பக்கத்தில் சோறு சரிந்தது. யாரும் தொடவில்லை. சோறு ஒரு கைப்பிடி குழிந்தது. குழியில் தண்ணீர் ஊறியது. மீன் துண்டு அசைந்து, மறைந்தது. இன்னொரு கைப்பிடி. குழி பெரிதானது. அவனுடைய பக்கம் வந்தது.

"போட்டனான் புள்ள. முழுக்கப் போட்டனான்."

ஹுஸ்னியா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு சஹனில் விழுந்தது. பிறகு முகத்தைத் திருப்பினாள். அவனைப் பார்க்கவில்லை. பாயின் நனைந்த இடத்தைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா?" என்றாள்.

முனீப் எழப் பார்த்தான். வலது கை எழவில்லை. சோற்றுக்கு அடியில், குளிர்ந்து ஊறிய விரல்கள் அவனுடைய விரல்களுக்கு இடையே ஒவ்வொன்றாக நுழைந்து, ஆழம் பார்த்து, இறுகின. ஹுஸ்னியா இன்னொரு கவளம் எடுத்தாள். சஹனுக்குள் அவனுடைய கை மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. சஹனுக்கு அவ்வளவு ஆழம் கிடையாது. முழங்கைவரை இறங்கியது.